தலையணையின் கீழ் ஓர் ஒற்றன்



உச்சமுனையை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கற்பிட்டியிலிருந்து படகில் போக வேண்டும். ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கடலை நம்பி வாழும் குடும்பங்கள். காற்று எழும்பிவிட்டால் அக்கரைக்குப் போனவர் இக்கரைக்கு வந்து சேரும் வரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் இல்லை.

அங்கே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க நான் போய் வருவதுண்டு. அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் படகுக்காகக் காத்து நின்றேன். ஒரு தாய் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு விறுவிறு என்று வந்தார்.

"மௌலவி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மகள்ட தலாணிக்குக் கீழ கெடந்த. ராவு ராவாப் படிக்கிறா. ஓதுற புள்ள படிக்கிற புத்தகமா இது? அடுப்புல போடவா, வேணாமா?"

வாங்கிப் பார்த்தேன். ஒரு பழைய தமிழ் நாவல். அட்டை இல்லை. முதல் சில தாள்களும் இல்லை. எழுதியவர் யார் என்று தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலக் கதை. எதிரியின் நாட்டுக்குள் இரவில் இறங்கும் ஓர் ஒற்றுக்காரி, பெட்டிக்குள் மறைத்த வயர்லெஸ் கருவி, பின்தொடரும் காலடி ஓசை. இப்படிப் போகிறது.

அந்தத் தாய் இன்னும் போகவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாங்க யுத்தத்தால ஓடி வந்த ஆக்கள். எங்கட உம்மா வாப்பா அதப் பத்தி வாயே தெறக்க மாட்டாங்க. இவ என்னண்டா அதையே கதையாப் படிச்சு ரசிக்கிறா. யுத்தம் ரசிக்கிற சாமானா மௌலவி?"

படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகேறினேன்.

இஷாவுக்குப் பிறகு ஒரு பத்துப் பக்கம் புரட்டிவிட்டுப் படுக்கலாம் என்றுதான் எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், ஸுப்ஹுடைய பாங்குச் சத்தம் கேட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன். நான் தஹஜ்ஜுத்துக்கு எழுந்திருக்கிறேன் என்று எண்ணி வீட்டார் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்கள். என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார்கள். அந்த மௌனத்துக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை!

ஆனால் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? நாற்பதைத் தாண்டிய, வகுப்பெடுக்கிற ஒரு மனிதனையே விடிய விடிய உட்கார்த்தி வைக்கும் அளவுக்கு அந்தக் கதைகளில் என்ன இருக்கிறது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

ஓலைக் கொட்டிலில் ஒரு கட்டுப் புத்தகம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. ஏறத்தாழ 75,000 பேர் ஊரை இழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. புத்தளம் மாவட்டத்து மக்கள் கதவைத் திறந்தார்கள், உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுப்பானாக.

ஓலைக் கொட்டிலில் நாங்கள் இருந்த நாட்களில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கட்டுப் பழைய காமிக்ஸ் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டார். இந்தியாவிலிருந்து வந்தவை. 1972 இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி அதில் இருந்தார். 1984 இல் தொடங்கிய ராணி காமிக்ஸின் ஜேம்ஸ் பாண்டும் இருந்தார். குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் தலையை ஒருவர் இடித்துக்கொண்டு படிப்போம்.

யுத்தத்தால் துரத்தப்பட்ட பிள்ளைகள், உளவுக் கதையை ஏன் அப்படி விழுந்து விழுந்து படித்தோம்? இப்போது யோசித்தால் எனக்கு விளங்குகிறது. கொட்டிலில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் குசுகுசு என்று பேசுவார்கள், நாங்கள் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார்கள். எப்போது ஊருக்குப் போவோம்? தெரியாது. யார் செய்தது, ஏன் செய்தது? தெரியாது. ஆனால் புத்தகத்துக்குள் எல்லாம் எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் யார் என்பது கதாநாயகனுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த யுத்தம் கடைசிப் பக்கத்தில் முடிந்துவிடும். எங்கள் யுத்தம் முடிய 2009 ஆயிற்று.

ஆகவே சகோதரிகளே, யுத்தத்தைப் பார்த்த வீட்டுப் பிள்ளை யுத்தக் கதை படிக்கிறது என்றால், அது யுத்தத்தை ரசிக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றை அது புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்கலாம்.

சுவை எங்கே ஒளிந்திருக்கிறது?

துப்பாக்கியிலும் துரத்தலிலும்தான் சுவை என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல உளவுக் கதையில் நம் நெஞ்சு படபடப்பது, ஒரு சாதாரண மனிதர் பெரிய ஓர் அமானிதத்தைத் தனியே சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் நடக்கும்போதுதான். அவர் ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் போதும், எல்லாம் போய்விடும். அந்த ஒரு வார்த்தைக்காக நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைப் புரட்டுகிறோம்.

கென் ஃபாலட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1978 இல் எழுதிய ஒரு நாவல் உலகப் புகழ் பெற்றது. 'ஊசியின் கண்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். அதன் அடிப்படை உண்மைச் சம்பவம். 1944 இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கத் திட்டமிட்டன. ஆனால் கலே பகுதியில்தான் இறங்கப் போகின்றன என்று ஜேர்மனியை நம்ப வைக்க வேண்டும். அதற்காக இல்லாத ஒரு படையையே இங்கிலாந்தில் உண்டாக்கினார்கள். காற்றடைத்த ரப்பர் யுத்த தாங்கிகள், போலிப் படகுகள், போலி வானொலிச் செய்திகள்!

அந்த நாடகத்தின் பெரிய நடிகர் ஹுவான் புஜோல் என்ற ஸ்பானியர். ஜேர்மனிக்காக உளவு பார்ப்பதாக நடித்துக்கொண்டு பிரித்தானியாவுக்காக வேலை செய்தவர். தனக்குக் கீழே 27 உளவாளிகள் இருப்பதாக ஜேர்மனியரை நம்ப வைத்தார். அவர்கள் அத்தனை பேரும் அவருடைய கற்பனை. இறுதியில் இரு பக்கமும் அவருக்குப் பதக்கம் கொடுத்தன. கதாசிரியர்கள் தோற்றுப்போகும் இடம் இது.

ஃபாலட்டின் நாவலில், அந்த ஏமாற்று நாடகத்தைக் கண்டுபிடித்துவிட்ட ஒரே ஒரு ஜேர்மன் உளவாளி செய்தியோடு தப்பி ஓடுகிறான். 1944 ஜூன் 6 ஆம் திகதி படைகள் நோர்மண்டியில் இறங்கி வென்றன என்று சரித்திரம் படித்த எல்லோருக்கும் தெரியும். அவன் தோற்கப்போகிறான் என்று தெரிந்துகொண்டேதான் படிக்கிறோம். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏனென்றால் கடைசியில் அவனுக்கு எதிரே நிற்பது படை இல்லை. புயல் வீசும் ஒரு தனித் தீவில், சின்னப் பிள்ளையோடு இருக்கும் ஒரு குடும்பப் பெண். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பதுதான் கதை. காற்று இரைகிற இரவில் கதவைத் தாழிட்டுவிட்டுப் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும் உச்சமுனைப் பெண்ணுக்கு அந்தத் தீவு விளங்கும். லண்டன் வாசகரை விட நன்றாகவே விளங்கும். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாவலில் வயதுப் பிள்ளைகள் படிக்கத் தகாத பக்கங்களும் உண்டு. ஆகவே உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று நான் சிபாரிசு செய்யவில்லை.

இரகசியம் தங்காதாம்!

'பெண்களிடம் இரகசியம் தங்காது' என்று நம் ஆண்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் பிளெட்ச்லி பூங்கா என்ற பெயரைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைத்துப் படித்த இடம் அது, இங்கிலாந்தில் உள்ளது. உச்ச காலத்தில் சுமார் 10,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். போர் 1945 இல் முடிந்தது. அங்கே நடந்ததைப் பற்றிய நூல் வெளிவந்து உலகம் அறிந்துகொண்டது 1974 இல். ஏறத்தாழ முப்பது வருடம் அந்தப் பெண்கள் வாய் திறக்கவில்லை. யுத்த காலத்தில் தங்கள் பிள்ளை என்ன வேலை செய்தாள் என்று அறியாமலே மௌத்தான பெற்றோர் இருந்தார்கள். தன் மனைவி யார் என்று முழுதும் அறியாமல் குடும்பம் நடத்திய கணவர்களும் இருந்தார்கள்.

தூரதேசம் போவானேன்? நம் நாட்டுக்கு வாருங்கள். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, தெற்கே கொக்கலையிலிருந்து பறந்த ஒரு விமானம் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. விமானி லெனார்ட் பேர்ச்சல், கனடா நாட்டவர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுப் போர்க் கைதியானார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9 ஆம் திகதி திருகோணமலையில் விழுந்தது. செய்தி முன்கூட்டியே கிடைத்தபடியால் கொழும்பு விழிப்போடு இருந்தது. 1943 இல் கொழும்பிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் போன ஒரு சிறு குழு, ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த மலாயாவின் கரையில் இரகசியமாக இறங்கியது. 1944 இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே கண்டிக்கு வந்துவிட்டது. நம் புத்தளத்திலும் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இருந்தது. அங்கே போர் விமானங்களை யானை கட்டி இழுத்த புகைப்படத்தை இன்றும் பார்க்கலாம்.

கண்டியில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் இரகசியக் கோப்புகளை வகைப்படுத்திக் காத்தவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ் என்ற நெடிய பெண்மணி. பிற்காலத்தில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் 1961 இல் வந்த ஒரு சமையல் நூலாலும் தொலைக்காட்சியாலும் அமெரிக்காவுக்கே பிரெஞ்சுச் சமையலைக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அடுப்படியில் நிற்கும் பெண்ணை ஒன்றும் அறியாதவர் என்று யாரும் எண்ண வேண்டாம்!

நம் வரலாற்றின் ஓர் இரவு

'மௌலவி என்ன, வெள்ளைக்காரர் கதையாகவே சொல்கிறார்?' என்று நீங்கள் கேட்கலாம். ஸீராவை அறிந்தவர்களுக்கு இந்தச் சுவை புதிதல்ல. ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் குறைஷிகளின் பேச்சைக் கேட்டு வைத்து இரவில் தௌர் குகைக்குச் செய்தி கொண்டுபோனவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ். காலடித் தடத்தின் மேல் ஆடுகளை ஓட்டிச் சென்று அழித்தவர் ஆமிர் இப்னு ஃபுஹைரா. இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து உணவைக் கட்டிக் கொடுத்தவர் அஸ்மா நாயகி. 'உன் தகப்பன் எங்கே?' என்று கேட்டு அபூ ஜஹ்ல் முகத்தில் அறைந்தபோதும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

இன்னொன்று அகழ் யுத்தம், ஹிஜ்ரி 5. கடுங்குளிர், பசி, இருட்டு, புயற்காற்று. எதிரியின் பாசறைக்குப் போய்ச் செய்தி கொண்டுவர ஒருவர் தேவை. நபி (ஸல்) அவர்கள் கேட்டும் யாரும் எழவில்லை. ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து அனுப்பினார்கள். ஒரு நிபந்தனை: செய்தியை மட்டும் கொண்டுவர வேண்டும், அவர்களைச் சீண்டிவிடக் கூடாது. அவர் இருட்டில் எதிரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டார். 'ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவன் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அபூ ஸுஃப்யான் சொல்ல, ஹுதைஃபா முந்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவனின் கையைப் பிடித்து 'நீ யார்?' என்று கேட்டுவிட்டார்! எந்த நாவலாசிரியன் இதை விடச் சிறந்த காட்சியை எழுதப் போகிறான்?

பிறகு எதிரிகளின் தலைவர் அம்பு எட்டும் தூரத்தில் முதுகைக் காட்டி நெருப்பில் குளிர் காய்கிறார். ஹுதைஃபா அம்பை நாணில் வைக்கிறார். அப்போது கட்டளை நினைவுக்கு வருகிறது. அம்பை எடுத்துவிடுகிறார். திரும்பி வந்து செய்தியை ஒப்படைத்த பிறகுதான் குளிர் அவரைப் பிடித்துக்கொள்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் போர்வையால் அவரைப் போர்த்திவிட்டார்கள். விடியும் வரை உறங்கினார். அந்த வரலாற்றின் உச்சம், எய்யாமல் விட்ட ஓர் அம்பு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மூச்சு விடாமல் கேட்பார்கள்.

கதை என்றாலே நமக்கு ஆகாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடத்தலும் கள்வரும் கடற்பயணமுமாக விறுவிறுப்பான 'அசன்பேயுடைய கதை'யை 1885 இல் எழுதியவர், நம் சமூகத்துக்குக் கல்விக் கண் திறந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள்தான்.

பொய் சொல்லாத உளவாளி

இவ்வளவு நேரமும் சுவையைப் பற்றிப் பேசினேன். இனி சுவை நின்றுவிடும் இடத்துக்கு வருகிறேன்.

நூர் இனாயத் கான். 1914 இல் மொஸ்கோவில் பிறந்தவர். தந்தை இந்திய ஸூஃபி ஞானியும் இசைக் கலைஞருமான இனாயத் கான், திப்பு சுல்தானின் வழிவந்தவர். தாய் அமெரிக்கப் பெண். பாரிசுக்கு அருகே வளர்ந்த நூர் குழந்தைகளுக்குக் கதை எழுதினார். நம் பௌத்த அயலவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருபதை அவர் எடுத்தெழுதிய நூல் 1939 இல் லண்டனில் வெளிவந்தது. மெல்லிய குரல், கூச்ச சுபாவம். பொய் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. பயிற்சி கொடுத்தவர்களில் சிலர், இவர் இந்த வேலைக்குத் தகுதியானவர்தானா என்று சந்தேகப்பட்டார்கள்.

1943 ஜூன் மாதம் ஓர் இரவு, சிறிய விமானம் ஒன்று அவரைப் பிரான்சில் இறக்கிவிட்டுப் போனது. ஜேர்மனியர் பிடியிலிருந்த அந்த நாட்டுக்குப் பிரித்தானியா அனுப்பிய முதலாவது பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர். புனைபெயர் மடலேன். போய்ச் சில நாட்களுக்குள் அவருடைய குழுவினர் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடு என்று லண்டன் சொன்னது. வர மறுத்தார். பாரிசிலிருந்து செய்தி அனுப்ப வேறு ஆள் இல்லை. சுமார் பதினைந்து கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு மாறினார். ஒரு முறை மரத்தில் ஏரியல் கம்பியைக் கட்ட முடியாமல் நின்றபோது, அங்கே வந்த ஜேர்மன் அதிகாரியே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

ஒக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். அவரிடமும் தவறு உண்டு. அனுப்பிய செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார், அது எதிரியின் கையில் சிக்கியது. அதை வைத்து அவர் பெயரில் எதிரியே லண்டனுக்குச் செய்தி அனுப்பினான். நம்பி அனுப்பப்பட்ட வேறு ஆட்களும் மாட்டிக்கொண்டார்கள். கதையில் கதாநாயகியின் தவறை ஆசிரியர் மூடி மறைத்துவிடுவார். வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை.

சிறையிலிருந்து தப்ப முயன்றார், மீண்டும் பிடிபட்டார். 'இனித் தப்ப முயல மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடு என்றார்கள். பொய்யாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம். மறுத்துவிட்டார். ஜேர்மனிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியில் பிணைத்தார்கள். பத்து மாதம். தோழர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1944 செப்டம்பர் 13 ஆம் திகதி டக்காவு முகாமில் இன்னும் மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. 1949 இல் பிரித்தானியா ஜோர்ஜ் சிலுவை விருது கொடுத்தது. 2012 இல் லண்டனில் ஒரு பூங்காவில் சிலை வைக்கப்பட்டது.

இதைப் படித்த அன்று இரவு நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நாவலில் என்னை விடிய விடிய விழிக்க வைத்த அதே பெட்டி, அதே கம்பி, அதே காலடிச் சத்தம். ஆனால் ரசிக்க முடியவில்லை. ஒருவர் உயிர் கொடுத்துக் காத்த அமானிதத்தைத்தான் நாம் கதையில் சுவையென்று அனுபவிக்கிறோம். இந்த நினைவோடு படித்தால் உளவுக் கதை நெஞ்சை விரிக்கும். இதை மறந்து படித்தால் அது வெறும் சூதாட்டமாகிவிடும்.

ஒரு சொல்லின் விஷம்

இன்னோர் ஆபத்தும் உண்டு. உளவுக் கதை வாசகனுக்குச் சந்தேகிக்கக் கற்றுக் கொடுக்கிறது. சிரித்துப் பேசுபவன் ஒற்றனாக இருப்பான், தேத்தண்ணி கொடுப்பவள் காட்டிக்கொடுப்பாள். புத்தகத்துக்குள் அது விளையாட்டு. நம் நாட்டின் யுத்த காலத்தில் அது விளையாட்டாக இருக்கவில்லை. 'தகவல் கொடுத்தவன்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒரு மனிதன் வீட்டுக்குத் திரும்பமாட்டான். விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை. எல்லாச் சமூகத்திலும் அந்தச் சொல்லுக்கு இரையானவர்கள் இருக்கிறார்கள். ஒரு சமூகம் முழுவதும் ஊரை விட்டுப் போக நேர்ந்ததற்குப் பின்னாலும் அந்தச் சந்தேகத்தின் நிழல் இருந்தது.

ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் வீண் சந்தேகத்தை விலக்கச் சொல்லிவிட்டு, அதை அடுத்துத் துருவித் துருவி ஆராய்வதையும், அதை அடுத்துப் புறம் பேசுவதையும் தடுக்கிறான். மூன்றும் ஒரே ஏணியின் படிகள். ஆகவே புத்தகத்தை மூடும்போது சந்தேகத்தையும் அதற்குள்ளேயே வைத்து மூடிவிட வேண்டும். அயல்வீட்டுக்காரியை உளவாளியாகப் பார்க்கிற கண்ணோடு எழுந்து வந்தால், அந்தப் புத்தகம் அடுப்புக்குப் போவதே மேல்.

கொப்பியில் ஒரு முடிவு

இரண்டு வாரம் கழித்து உச்சமுனைக்குப் போனேன். அந்தத் தாய் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மகளைக் கூப்பிட்டேன். புத்தகத்தைக் கண்டதும் பிள்ளையின் முகம் வெளிறிப்போயிற்று.

"மகள், இதுல கடைசித் தாள்களும் இல்லையே. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்த?" என்று கேட்டேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தாள். முடிவு இல்லாதபடியால் அவளே ஒரு முடிவு எழுதியிருந்தாள், பதினொரு பக்கம்! வேலையை முடித்த ஒற்றுக்காரி இரவோடு இரவாகப் படகில் ஊர் வந்து சேர்கிறாள். உம்மா கதவைத் திறக்கிறா.

நான் நூரின் கதையைச் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அவட உம்மாக்கு யாரு போய்ச் சொன்ன மௌலவி?"

என்னிடம் பதில் இல்லை. பதில், மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்தது. தலை நிமிராமலே அந்தத் தாய் பேசத் தொடங்கினார்.

"எனக்கு அப்ப ஏழு வயசு. உம்மா கழுத்துல கிடந்த கருகமணியக் கழட்டித் துண்டுத் துணியில சுத்தி, என்ட சட்ட மடிப்புக்குள்ள வெச்சுத் தைச்சிட்டா. யாரு என்ன கேட்டாலும் வாயத் தெறக்காத மகளேண்டு சொன்னா. கரையில பைகளச் சோதிச்சாங்க. ஒருத்தன் குனிஞ்சு என்ட பேர் என்னண்டு கேட்டான். நான் பேரையும் சொல்லல்ல. ஊமப் புள்ளயாக்கும்ண்டு தலையத் தடவிட்டுப் போயிட்டான். படகுல ஏறியும் பேசல்ல. ராவு முழுக்கப் பேசல்ல. உம்மா பயந்துட்டா. கற்பிட்டிக் கரையில காலு வெச்சப் பொறகு, இனிப் பேசு மகளேண்டு உம்மா அழுதா. அப்பதான் வாயத் தெறந்தன். அந்தக் கருகமணிய வித்துத்தான் வாப்பா இங்க மொத வல வாங்கின."

சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவினார். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம். மகள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையின் கீழே அவள் இரவிரவாகத் தேடிய ஆள், அந்த வாசலில்தான் இருந்திருக்கிறார்.

"அப்ப, புத்தகத்த என்ன செய்ற?" என்று நான் கேட்டேன்.

"இங்க தாங்க மௌலவி," என்றார் அந்தத் தாய். "நானும் ஒருக்காப் படிச்சிப் பாக்கன்."

சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் தலையணைக்குக் கீழே இப்படி ஒரு புத்தகம் கிடைத்தால், முதலில் நீங்கள் படியுங்கள். தகாத பக்கங்கள் இருந்தால் காரணம் சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள். நல்லதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் அமானிதத்தைக் காத்தவர் யார் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, உங்கள் வாயில் பூட்டி வைத்திருக்கும் கதை ஒன்று இருக்குமானால், அதையும் சொல்லிவிடுங்கள். கரை வந்து சேர்ந்துவிட்டோம், இனிப் பேசலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.